ஒரே அளவு மழை, வேறு வேறு ஆபத்து: துளியையும் ராடாரையும் கொண்டு மழையை வகை பிரிப்பது எப்படி?

வன்னியில் போர்க்காலத்தை வாழ்ந்து கடந்தவர்களுக்கு இரண்டு மழைகள் நன்றாக நினைவிருக்கும். முதலாவது, 2008 நவம்பர் இறுதியில் 'நிஷா' புயலோடு வந்த மழை. அது நாட்கணக்கில் பெய்தது. இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் இருந்த குடும்பங்களின் காலடியில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இரண்டாவது, 2009 ஓகஸ்டில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் பெய்த மழை. அது சில மணித்தியாலங்கள்தான். வடிகால் இல்லாத அந்த நிலத்தில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகவும், மலக்குழிகள் நிரம்பி வழியவும் அந்தச் சில மணித்தியாலங்கள் போதுமாக இருந்தன.

மழைமானி இந்த இரண்டையும் மில்லிமீற்றரில் மட்டுமே சொல்லும். எவ்வளவு பெய்தது என்பதற்கு அதில் விடை உண்டு. எப்படிப்பட்ட மழை பெய்தது என்பதற்கு விடை இல்லை. ஒரு குளத்தின் வான்கதவை எப்போது திறப்பது, எந்தக் கிராமத்தை முதலில் வெளியேற்றுவது போன்ற முடிவுகளுக்கு அந்த இரண்டாவது கேள்வியின் விடையும் வேண்டும். வானியலாளர் அல்ல, வானிலை ஆய்வாளர் இதற்கு இரண்டு வழிகளை ஒன்றாகப் பயன்படுத்துகின்றனர். ஒன்று, நிலத்தில் விழும் துளிகளின் பருமனை அளப்பது. மற்றது, ராடாரால் முகிலுக்குள் பார்ப்பது. இவை எவ்வாறு வேலை செய்கின்றன, எமது மாரி மழைக்கு இவை ஏன் முக்கியம் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

அடைமழையும் இடிமழையும்

தூறல், அடைமழை, இடிமழை என்று எமது பேச்சிலேயே மழை வகை பிரிக்கப்பட்டிருக்கிறது. விஞ்ஞானம் பிரிக்கும் முறையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

பாடசாலைப் புவியியலில் படித்த மேற்காவுகை மழைதான் இடிமழை. சூடான ஈரக்காற்று செக்கனுக்குப் பல மீற்றர் வேகத்தில் மேலெழும். முகில் கோபுரம்போல் வளரும். துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து விரைவாகப் பெருக்கும். மழை ஒரு சிறிய பரப்பில், குறுகிய நேரத்தில், மிகக் கடுமையாகக் கொட்டும். பக்கத்து ஊரில் நிலம் காய்ந்தே கிடக்கலாம்.

அடைமழை பெரும்பாலும் படைமுகிலில் இருந்து வருவது. அங்கே காற்று மிக மெதுவாகவே மேலெழும். உயரத்தில் பனித் துணிக்கைகள் ஆறுதலாக வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கீழே வரும்போது உருகி மழையாகும். வீதம் குறைவு, பரப்பும் நேரமும் அதிகம்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. முகிலின் உச்சி உறைநிலை உயரத்தையே எட்டாது. பனி எதுவும் உருவாகாமல், நீர்த்துளிகள் சேர்ந்தே மழையாகும். இதனைத் தாழ்முகில் மழை எனலாம். கடலோரங்களில் இது சாதாரணம்.

ஒரு தாழமுக்கமோ புயலோ வரும்போது இவை தனித்தனியாக வருவதில்லை. பரந்த அடைமழைக்கு நடுவே இடிமழைப் பட்டிகள் செருகப்பட்டிருக்கும். முழு நாளும் பெய்யும் மழையில் எந்த ஒரு மணித்தியாலம் ஆபத்தானது என்று கண்டுபிடிப்பதே வகை பிரித்தலின் நடைமுறைப் பயன்.

ஒரு துளியில் என்ன இருக்கிறது?

மழைத்துளி படங்களில் வரைவதுபோல் கண்ணீர் வடிவில் இருப்பதில்லை. சிறிய துளி உருண்டையானது. ஏறத்தாழ 2 மில்லிமீற்றரைத் தாண்டும்போது காற்றின் எதிர்ப்பால் அடிப்பக்கம் தட்டையாகி, பணிஸ் போன்ற வடிவத்தைப் பெறும். 5, 6 மில்லிமீற்றர் அளவுக்கு வந்தால் பெரும்பாலும் உடைந்துவிடும். அரை மில்லிமீற்றருக்குக் குறைந்தவை தூறல் துளிகள்.

பருமன் கூடினால் விழும் வேகமும் கூடும். 1 மில்லிமீற்றர் துளி செக்கனுக்குச் சுமார் 4 மீற்றர் வேகத்தில் விழும். 5 மில்லிமீற்றர் துளியின் வேகம் சுமார் 9 மீற்றர். இடிமழை தொடங்கும்போது தகரக் கூரையில் முதலில் பெரிய துளிகள் தனித்தனியாக அடிப்பதற்கு ஒரு காரணம் இதுதான்: அவை மற்றவற்றை முந்திக்கொண்டு வந்து சேர்கின்றன.

5 மில்லிமீற்றர் துளியில் இருக்கும் நீர், 1 மில்லிமீற்றர் துளியில் இருப்பதைப்போல் 125 மடங்கு. வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது நிலத்தில் மோதும் சக்தி 600 மடங்குக்கும் அதிகம். விதைத்த வயலில் மண் கரைவதும், புதிதாகக் கட்டிய குளக்கட்டின் சரிவு அரிபடுவதும் மொத்த மில்லிமீற்றரை மட்டுமல்ல, இந்தச் சக்தியையும் பொறுத்தவை.

துளியை அளக்கும் கருவிகள்

இதற்கான முதல் வழிகளில் ஒன்றைச் செய்து காட்டியவர் ஒரு விவசாயி. பனித் துணிக்கைகளைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற அமெரிக்கரான வில்சன் பென்ட்லி, ஒரு தட்டில் மாவைப் பரப்பி மழையில் சில செக்கன்கள் பிடித்தார். ஒவ்வொரு துளியும் மாவில் ஒரு சிறு உருண்டையாகியது. அவற்றைக் காயவிட்டு அளந்து, துளிகளின் பருமனைக் கணித்து, 1904 இல் முடிவுகளை வெளியிட்டார்.

இன்றைய கருவியின் பெயர் டிஸ்ட்ரோமீற்றர். தமிழில் துளிமானி எனலாம். 1967 இல் சுவிற்சர்லாந்தின் ஜோஸ், வால்ட்வோகல் ஆகிய இருவரும் அறிமுகப்படுத்திய வகையில், ஒரு சிறிய கூம்பின் மீது துளிகள் விழும். ஒவ்வொரு அடியும் எவ்வளவு பலமானது என்பதிலிருந்து கருவி துளியின் பருமனைக் கணிக்கும். தறப்பாளின் கீழ் படுத்திருந்தவர்கள் சத்தத்தை வைத்தே மழை கூடுகிறதா குறைகிறதா என்று சொன்னார்கள். இக்கருவியும் ஏறக்குறைய அதையே எண்களில் செய்கின்றது.

பின்னர் வந்த வகைகளில் மெல்லிய லேசர் ஒளிப்பட்டி ஒன்று இருக்கும். துளி அதனைக் கடக்கும்போது ஒளி எவ்வளவு மறைகிறது என்பது பருமனையும், எவ்வளவு நேரம் மறைகிறது என்பது வேகத்தையும் தரும். இரண்டு கமராக்களால் ஒவ்வொரு துளியின் வடிவத்தையும் பதிவுசெய்யும் கருவிகளும் உண்டு.

எந்தக் கருவியானாலும் கிடைப்பது ஒரு பட்டியல்தான்: இந்த நிமிடத்தில், இந்தப் பருமனில், இத்தனை துளிகள். இதிலிருந்து இரண்டு முக்கிய எண்கள் பெறப்படும். ஒன்று துளிகளின் சராசரிப் பருமன். மற்றது துளிகளின் செறிவு. இவ்விரண்டையும் ஒரு வரைபில் குறித்தால் அடைமழையும் இடிமழையும் பெரும்பாலும் வேறு வேறு பக்கங்களில் கூடுகின்றன.

இன்னும் எளிமையான சோதனையும் இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை என மழை வீதத்தைத் தொடர்ந்து ஐந்து தடவை அளக்க வேண்டும். வீதம் அதிகம் ஏறி இறங்காமல், அதன் நியம விலகல் மணித்தியாலத்துக்கு 1.5 மில்லிமீற்றருக்குள் நின்றால் அது அடைமழை. வீதம் 5 மில்லிமீற்றரையும் தாண்டி, ஏற்ற இறக்கமும் அந்த எல்லையை மீறினால் இடிமழை. பிரிங்கியும் அவரது குழுவினரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்திய இந்த அளவுகோல் இன்றும் பரவலாகப் பயன்படுகின்றது.

ராடார் மழையை எப்படிப் பார்க்கிறது?

இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானங்களைத் தேடிய ராடார் திரைகளில் மழை ஒரு தொல்லையாகத் தெரிந்தது. போருக்குப் பின்னர் அந்தத் தொல்லையே ஒரு துறையாகியது. ராடார் அனுப்பும் நுண்ணலை துளிகளில் பட்டுத் திரும்பும். திரும்பி வருவதன் வலுவை டிபிஇசட் என்ற அலகில் குறிப்பர். ராடார் படங்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெரிவது இந்த அலகுதான். மழையின் மில்லிமீற்றர் அல்ல.

சிக்கல் இங்குதான் தொடங்குகின்றது. திரும்பும் வலு, துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். ஒரேயொரு 3 மில்லிமீற்றர் துளி, 729 எண்ணிக்கையான 1 மில்லிமீற்றர் துளிகளுக்குச் சமமான எதிரொலியைத் தரும். ஆனால் அதில் இருக்கும் நீர் 27 சிறிய துளிகளின் நீர்தான். ஆகவே சில பெரிய துளிகள் உள்ள மழை ராடாருக்குப் பயங்கரமாகத் தெரியும். கோடிக்கணக்கான சிறிய துளிகளால் வரும் பெருமழை சாதாரணமாகத் தெரியும்.

எதிரொலியை மழை வீதமாக மாற்ற ஒரு சூத்திரம் வேண்டும். கனடாவின் மார்ஷல், பாமர் ஆகியோர் 1948 இல் வெளியிட்ட துளிப் பருமன் ஆய்வு இதற்கு அடித்தளமானது. அவர்கள் பெயரில் வழங்கும் சூத்திரத்தின்படி, எதிரொலி என்பது மழை வீதத்தின் 1.6 ஆம் அடுக்கை 200 ஆல் பெருக்கி வருவது. அமெரிக்க ராடார்களில் இடிமழைக்கு 300, 1.4 என்ற எண்களும், வெப்பமண்டல மழைக்கு 250, 1.2 என்ற எண்களும் பயன்படுகின்றன.

திரையில் 45 டிபிஇசட் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது சூத்திரத்தின்படி மழை மணித்தியாலத்துக்குச் சுமார் 24 மில்லிமீற்றர். இரண்டாவதன்படி 28. மூன்றாவதன்படி 56. ராடார் பார்த்தது ஒன்றே. தேர்ந்தெடுத்த சூத்திரத்தைப் பொறுத்து மழை இரண்டு மடங்குக்கும் மேல் மாறிவிடுகின்றது.

24 இற்கும் 56 இற்கும் இடையிலான 32 மில்லிமீற்றரை 100 சதுர கிலோமீற்றர் நீரேந்து பரப்பில் கணக்கிட்டால், ஒரு மணித்தியாலத்தில் 32 இலட்சம் கன மீற்றர் நீர். நிலம் உறிஞ்சுவது போக மீதி குளத்துக்குத்தான் வரும். 2018 டிசம்பர் 21 இரவு தொடங்கிய பெருமழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. வடமாகாணத்தின் மிகப் பெரிய குளமான இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நேரம் குறித்துப் பின்னர் கடும் விவாதம் எழுந்தது. அப்படியான ஓர் இரவில், மேல் நீரேந்து பகுதியில் பெய்துகொண்டிருப்பது எந்த வகை மழை என்று தெரிந்திருப்பது, கீழே இருப்பவர்களுக்குச் சில மணித்தியாலங்களைப் பெற்றுத்தரக் கூடியது.

ராடாரால் வகை பிரிக்கும் மூன்று வழிகள்

முதல் வழி, படத்தைத் தட்டையாகப் பார்ப்பது. அவுஸ்திரேலியாவின் டார்வின் நகர ராடார் தரவுகளை வைத்து ஸ்டைனர், ஹவுஸ், யூட்டர் ஆகியோர் 1995 இல் வெளியிட்ட முறை இது. 40 டிபிஇசட் அல்லது அதற்கு மேல் உள்ள இடம் நேரடியாக இடிமழை. அதற்குக் குறைந்தாலும், சுற்றிலும் 11 கிலோமீற்றர் ஆரைக்குள் உள்ள சராசரியைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும் இடமும் இடிமழை. மிச்சம் எல்லாம் அடைமழை.

இரண்டாவது வழி, முகிலைச் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பது. அடைமழையில் பனித் துணிக்கைகள் உருகத் தொடங்கும் உயரத்தில் அவற்றைச் சுற்றி நீர்ப்படலம் உண்டாகும். ராடாருக்கு அவை இராட்சதத் துளிகளாகத் தெரியும். முழுதாக உருகியதும் சுருங்கி, வேகமாக விழுந்து, ஒன்றையொன்று விட்டு விலகும்; எதிரொலி குறையும். ஆகவே அந்த உயரத்தில் மட்டும் ஒரு பிரகாசப் பட்டி தோன்றும். எமது பிரதேசத்தில் அது ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். பட்டி தெளிவாகத் தெரிந்தால் அடைமழை. இடிமழையில் மேலெழும் காற்று எல்லாவற்றையும் கலக்கிவிடுவதால் பட்டி தெரியாது. 1997 இல் ஏவப்பட்டு 2015 வரை இயங்கிய வெப்பமண்டல மழை அளவீட்டுச் செய்மதியும், 2014 முதல் இயங்கிவரும் அதன் வாரிசும் எமது தீவின் மேலான மழையையும் இந்த அடிப்படையில் வகை பிரித்துள்ளன. ஆனால் செய்மதி ஓர் இடத்தைச் சில கணங்களில் கடந்துவிடும். வெள்ள இரவொன்றில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மூன்றாவது வழி, இரட்டை முனைவாக்க ராடார். இது கிடையாகவும் நிலைக்குத்தாகவும் இரு அலைகளை அனுப்பும். பெரிய துளி தட்டையானது என்பதால் கிடை அலை வலுவாகத் திரும்பும். சிறிய உருண்டைத் துளியில் இரண்டும் சமமாகத் திரும்பும். இந்த வித்தியாசத்தால் துளியின் பருமனை ராடாரே மதிப்பிட முடியும். அந்த மதிப்பீடு சரியா என்று பார்ப்பதற்கு மீண்டும் நிலத்தில் ஒரு துளிமானி வேண்டும்.

துளிமானி ஏன் கட்டாயம் என்பதற்குப் பசுபிக் சமுத்திரத்தின் கப்பிங்கமராங்கித் தீவில் கிடைத்த அளவீடுகள் நல்ல உதாரணம். டோக்காய், ஷோர்ட் ஆகியோர் 1996 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே மழை வீதத்தில் ஒப்பிட்டால் பெரிய துளிகள் அடைமழையில்தான் கூடுதலாக இருந்தன. இடிமழையில் சிறிய, நடுத்தரத் துளிகள் அதிகம். அங்கு ஒரே சூத்திரத்தை எல்லா மழைக்கும் பயன்படுத்தினால், ஆபத்தான வகை மழையே குறைத்து மதிப்பிடப்படும்.

எமது மாரி மழை எப்படிப்பட்டது?

வடக்குக்கு மழையைத் தருவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான காலம். அதே வாடைக்காற்று மழையைப் பெறும் தென்னிந்தியாவில், திருப்பதிக்கு அருகே உள்ள காதங்கியில் இந்தியாவின் தேசிய வளிமண்டல ஆய்வுகூடம் இயங்குகின்றது. 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அங்கிருந்து வெளியான துளிமானி ஆய்வுகள், தென்மேல் பருவத்தைவிட வடகீழ்ப் பருவ மழையில் துளிகள் சிறியவை என்று காட்டின. ஒரே அளவு மழைக்கு, வடகீழ்ப் பருவத்தில் ராடார் எதிரொலி பலவீனமாக இருக்கும் என்பது இதன் பொருள்.

காதங்கி யாழ்ப்பாணத்துக்கு வடக்கே 400 கிலோமீற்றருக்கு அப்பால், கடலிலிருந்து உள்ளே இருக்கிறது. அந்த எண்களை அப்படியே வன்னிக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எமது மாரி மழைக்கு வெளிநாட்டுச் சூத்திரம் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது என்பதை அவை சொல்கின்றன.

தூரத்தில் இருந்து பார்க்கும் ராடார்

மழைக்காலத்தில் வடக்கில் பலர் தொலைபேசியில் பார்ப்பது இந்திய வானிலைத் துறையின் காரைக்கால் ராடார் படத்தை. காரைக்காலில் இருந்து யாழ்ப்பாணம் சுமார் 140 கிலோமீற்றர், கிளிநொச்சி சுமார் 180, முல்லைத்தீவு சுமார் 210, வவுனியா சுமார் 250 கிலோமீற்றர்.

ராடார் அலை நேராகச் செல்லும். பூமி வளைந்து கீழே போகும். அரைப் பாகை உயர்த்தி அனுப்பும் அலையின் நடுப்பகுதி, யாழ்ப்பாணத்துக்கு மேலே வரும்போது ஏறத்தாழ 2.4 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். கிளிநொச்சிக்கு மேலே 3.5, முல்லைத்தீவுக்கு மேலே 4.5, வவுனியாவுக்கு மேலே ஏறக்குறைய 6 கிலோமீற்றர்.

மேலே சொன்ன பிரகாசப் பட்டியின் உயரத்தை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே அடைமழை யாழ்ப்பாணத்தில் இயல்பாகத் தெரியும். முல்லைத்தீவில் அலை பட்டிக்குள்ளேயே செல்வதால் உள்ளதைவிடக் கடுமையாகத் தெரியலாம். வவுனியாவில் அலை பட்டிக்கு மேலே பனியை மட்டும் பார்ப்பதால் பலவீனமாகத் தெரியும். கடற்கரையில் பெய்யும் தாழ்முகில் மழை முல்லைத்தீவில் படத்தில் வராமலே போகலாம்.

இலங்கைக்கென்று ராடார் நிறுவும் முயற்சிகள் நீண்ட காலமாக இழுபடுபவை. தெனியாயவுக்கு அருகே உள்ள கொங்கலை மலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ராடார் வழியிலேயே சேதமடைந்தது. 2017 இல் புத்தளத்திலும் பொத்துவிலிலும் டொப்ளர் ராடார்களை நிறுவ ஜப்பானின் கொடை உடன்பாடு கைச்சாத்தானது. அதன் பின்னரும் வேலைகள் ஆண்டுக்கணக்கில் தாமதமாகின. புத்தளத்தில் ராடார் இருந்தாலும் கிளிநொச்சி அங்கிருந்து சுமார் 160 கிலோமீற்றர். அதே அரைப் பாகை அலை கிளிநொச்சிக்கு மேலே 3 கிலோமீற்றர் உயரத்தில்தான் செல்லும். வன்னியின் நிலத்தில் விழும் துளியை அந்த ராடாரும் நேரடியாகப் பார்க்காது.

என்ன செய்யலாம்?

ஒரு ராடாரின் விலையோடு ஒப்பிட்டால் துளிமானி மிகச் சிறிய செலவு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் நீரேந்து பகுதிகளில் சிலவற்றை வைத்து, இரண்டு மூன்று மாரிகள் தொடர்ந்து அளந்தால், எமது மழைக்கான சூத்திரத்தை நாமே பெறலாம். யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கின்றன. நீர்ப்பாசனத் திணைக்களமும் வளிமண்டலவியல் திணைக்களமும் அவற்றோடு சேர்ந்தால் இது நடக்கக்கூடிய காரியம். கருவி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பென்ட்லியின் மாவுத் தட்டு முறையை எந்தப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரும் மாணவர்களோடு செய்து பார்க்கலாம்.

அதுவரை ராடார் படம் பார்ப்பவர்கள் நான்கு விடயங்களை மனதில் வைத்திருப்பது நல்லது:

1. பரந்த ஒரே நிறத்துக்கு நடுவே திட்டாகத் துருத்தி நிற்கும் மஞ்சள், சிவப்புப் பகுதிகள் இடிமழை. அவை எந்தத் திசையில் நகர்கின்றன என்று அடுத்தடுத்த படங்களில் பாருங்கள்.

2. இடிமழைத் திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தைக் கடந்தால் அது மிக ஆபத்தான நிலை. ஒவ்வொன்றும் குறுகிய நேரம் பெய்தாலும் மொத்த மழை குவியும்.

3. காரைக்கால் படத்தில் வன்னிக்கு மேலே நிறம் மங்கலாக இருப்பது மழை குறைவு என்பதற்கு உறுதி அல்ல. வவுனியாப் பக்கம் இது இன்னும் பொருந்தும். மேல் நீரேந்து பகுதியில் இருக்கும் உறவினரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்பது பல தடவை படத்தைவிட நம்பகமானது.

4. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தலையும் குளங்களின் நீர்மட்ட அறிவித்தலையும் ராடார் படத்துக்காக ஒதுக்கிவிட வேண்டாம்.

மீள்குடியேறிய பல குடும்பங்களின் வீடுகள் குளங்களின் கீழேயும் ஆற்றோரங்களிலும்தான் இருக்கின்றன. அவர்கள் ஒவ்வொரு மாரியிலும் கேட்பது ஒரே கேள்வி: இன்றிரவு எழும்பிப் போக வேண்டி வருமா, வராதா? எமது மழையை எமது நிலத்திலேயே அளந்து பார்த்தால் அந்தக் கேள்விக்கு இப்போதுள்ளதைவிடத் தெளிவான பதிலைச் சொல்ல முடியும்.